வேதாசலத்தின் வெள்ளிக்கிழமை விளக்கு

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே, பாலாற்றங்கரையில், தோல் பதனிடும் ஷாப்பு ஒன்று இருந்தது. அங்கே வேதாசலத்துக்கு என்ன வேலை என்று கேட்டவர்கள் பதிலைக் கேட்டதும் சிரித்துவிடுவார்கள். படகு பார்த்துக்கொள்கிற வேலை. பாலாற்றைத் தெரிந்தவர்களுக்கு இந்தச் சிரிப்பை விளக்க வேண்டியதில்லை. வருஷத்தில் பத்து மாதம் அது மணல். மீதி இரண்டு மாதம் ஈர மணல். அந்தக் கரை மேட்டில், ஓலைக் கொட்டகைக்குள், மரக்கட்டைகள் மேல் ஒரு பழைய மோட்டார் படகு உட்கார்ந்திருந்தது.

வாங்கிப் போட்டவர் ஷாப்பின் முதலாளி முனவ்வர் பேகம். கணவர் போன பிறகு திரைக்கு இந்தப் பக்கம் முகம் காட்டாமலே முந்நூறு ஆட்களை வைத்து ஷாப்பை நடத்தியவர். யாருக்கும் பயப்படாத மனுஷி. ஆனால் ஆற்றைக் கண்டால் பயம். 1903-ல் வாணியம்பாடியை வெள்ளம் அடித்துக்கொண்டு போனபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. கூடப் பிறந்த இரண்டு பெண்கள் அதில் போய்விட்டார்கள். அதனால்தான் மதராஸ் துறைமுகத்தில் ஏலத்துக்கு வந்த படகை வாங்கினார். அதில் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த வேதாசலமும் படகோடு சேர்ந்து வந்துவிட்டான்.

வேதாசலத்துக்கு நீந்தத் தெரியாது. இது அவன் பெண்சாதி கெங்கம்மாளுக்கு மட்டும் தெரியும். நாய், போலீஸ், இடி, கணக்குப்பிள்ளை என்று அவன் பயப்படாத பொருளே கிடையாது. அப்பேர்ப்பட்டவனிடம் ஓர் ஊரே பயப்படுகிற ஆற்றைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் என்ன ஆகும்?

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மக்ரிப் என்கிற அந்தித் தொழுகை முடிந்ததும் படகின் உச்சி விளக்கை வேதாசலம் எரியவிட வேண்டும். பேகம் மாடி ஜன்னலிலிருந்து பார்ப்பார். விளக்கு எரிந்தால் பேட்டரி உயிரோடு இருக்கிறது, பேட்டரி இருந்தால் எஞ்சின் கிளம்பும், எஞ்சின் கிளம்பினால் வெள்ளம் வந்தாலும் பெண் பிள்ளைகள் பிழைப்பார்கள். அந்த ஒரு விளக்கைப் பார்த்துத்தான் அந்த அம்மாள் ஒரு வாரம் தூங்கினார்.

முப்பத்து நாலாம் வருஷம் ஆனியில் விளக்கு மங்கத் தொடங்கியது. முதல் வாரம் கொஞ்சம் மஞ்சள். அடுத்த வாரம் இன்னும் மஞ்சள். கொட்டகை மூலையில் சின்ன எண்ணெய் எஞ்சின் ஒன்றும், அதோடு தோல் வாரால் பூட்டிய டைனமோ ஒன்றும் உண்டு. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது அதுதான். டைனமோவின் வயதை நினைத்தால் கோளாறு அதில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினான். மதராஸ் கம்பெனிக்கு எழுதினார்கள். புதுசு நூற்றெண்பது ரூபாய் என்று பதில் வந்தது.

"நூத்தெம்பதா? படகே அவ்ளோ ஆகலயே!" என்றார் பேகம், திரைக்குப் பின்னாலிருந்து. "நாப்பது தர்றேன். பழசா பாத்து வாங்கு. ஐப்பசிக்கு முன்ன வெளக்கு பளிச்சுன்னு எரியணும், வேதாசலம். எரியலன்னா எனக்குத் தூக்கம் இல்ல. எனக்குத் தூக்கம் இல்லன்னா உனக்கு வேல இல்ல."

நாற்பது ரூபாயை இடுப்பில் முடிந்துகொண்டு அவன் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. ஆம்பூரில் பஸ் கொட்டகைகளில் கேட்டான். மலையில் உருண்டுபோன பஸ்ஸின் டைனமோ ஒன்று பதினெட்டு ரூபாய்க்குக் கிடைத்தது. இரண்டு நாள் விடாமல் ஓட்டிச் சார்ஜ் ஏற்றினான். விளக்கு இரண்டு வெள்ளிக்கிழமை எரிந்தது, மூன்றாவது வாரம் படுத்துவிட்டது. வாணியம்பாடிக்குப் போய்ப் பழைய இரும்புக் கடையில் மிச்சப் பணத்துக்கு இன்னொன்று வாங்கி வந்தான். அதுவும் அப்படியே. இப்போது கொட்டகையில் டைனமோ மூன்று, இடுப்பில் காசு இல்லை, விளக்கில் வெளிச்சம் இல்லை. பணத்தை விழுங்கிவிட்டான் என்று சொல்வார்களே என்று அவனுக்குப் பயம்.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓர் அரிக்கேன் விளக்கைத் திரியேற்றி, படகின் விளக்குக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டு இறங்கி வந்தான். மாடியில் ஜன்னல் திறந்தது, சற்று நேரம் இருந்தது, மூடியது. பேகம் தூங்கப் போய்விட்டார். வேதாசலத்தின் தூக்கம் அன்றோடு போயிற்று.

ஆறு வாரம் இப்படியே ஓடியது. பாலாறு விசித்திரமான ஆறு. இங்கே சொட்டு மழை இருக்காது, வானம் வெளுத்துக் கிடக்கும், மைசூர்ப் பக்கம் பெய்தால் இங்கே வெள்ளம் வந்துவிடும். அதனால் மேகத்தைப் பார்த்தும் பயந்தான், மேகமில்லாத வானத்தைப் பார்த்தும் பயந்தான். ஷாப்பு ஆட்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கெங்கம்மாளோ தன் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா, காலைலேர்ந்து அடுப்புல கெடக்குது, பருப்பு வேகுதா பாரு. வள்ளிக்கு மறுபடியும் வயித்துக் கடுப்பு. நம்ம லைன்ல எந்தப் புள்ளைக்குத்தான் வயிறு நல்லா இருக்குது?"

"பருப்ப நீ வாங்குற கடை சரியில்ல" என்றான் அவன். வள்ளியம்மாளுக்கு நாலு வயது, ஒரே பெண். சுருண்டு படுத்திருந்தவள் தலையை ஒரு தடவை தடவிவிட்டு, அவன் மறுபடி டைனமோவை நினைக்கப் போய்விட்டான்.

ஜோலார்பேட்டையில் ரயில் வண்டி விளக்குகளுக்குப் பேட்டரி பார்க்கிற பிட்டர் ஒருவர் இருக்கிறார், பெயர் ஆதிகேசவன், ரயில்வேயில் கழித்துப்போட்ட டைனமோ மலிவாகக் கிடைக்க அவரால் வழி உண்டு என்று யாரோ சொன்னார்கள். ஐப்பசி பிறந்து முதல் வெள்ளிக்கிழமை காலையில், பேட்டரியின் ஆறு செல்லில் ஒன்றைக் கழற்றிக் கூடையில் வைத்து, வழிக்குக் குடிக்க ஒரு சீசாவில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வேதாசலம் ரயில் ஏறினான். போய்ச் சேர்வதற்குள் செல்லிலிருந்து கசிந்த ஆசிட் வேட்டியில் நாலு ஓட்டை போட்டிருந்தது.

ஆதிகேசவன் டைனமோவைப் பற்றிப் பேசவே இல்லை. செல்லின் மூடியைத் திறந்தார், குச்சி விட்டுக் கிளறினார், அடியில் சேறு மாதிரி படிந்திருந்ததைப் பார்த்தார்.

"டைனமோ எத்தினி மாத்தின?"

"ரெண்டு, சார்."

"ரெண்டும் தெண்டம். இதுக்கு இன்னா தண்ணி ஊத்துற?"

"தண்ணிதான் சார். ஷாப்புக் கெணத்துத் தண்ணி." கையிலிருந்த சீசாவைக் காட்டினான். "இதேதான்."

ஆதிகேசவன் இரண்டு கண்ணாடிக் குவளைகளை எடுத்தார். ஒன்றில் தாம் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர், மற்றதில் வேதாசலத்தின் சீசாத் தண்ணீர். அலமாரியிலிருந்த மருந்தை இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு விட்டார். அவர் தண்ணீர் அப்படியே தெளிந்து நின்றது. வேதாசலத்தின் தண்ணீர் ஒரு நொடியில் மோர் மாதிரி வெளுத்துத் திரண்டது.

"அத்தினியும் உப்பு. பச்சத் தோல்ல போட்ட உப்பு கழுவி ஊத்தி ஊத்திக் கெணத்துல எறங்கிருக்குது. பிளேட்டு ஈயம்யா. ஈயத்தையே தின்னுட்டிருக்குது பாரு. வாரத்துக்கு அர சொம்பு நல்ல தண்ணி ஊத்து, உன் பழைய டைனமோவே போதும்." செல்லை ஓரமாக வைத்தவர், சீசாவைப் பார்த்து நின்றார். "ஆமா, இதே தண்ணின்னியே, இத எதுக்குக் கையில வெச்சிருக்க?"

"குடிக்க, சார்."

ஆதிகேசவன் அந்தச் சீசாவை வாங்கி வெளுத்த குவளைக்குப் பக்கத்தில் வைத்தார். வேதாசலம் இரண்டையும் பார்த்தான். வேகாத பருப்பு ஞாபகம் வந்தது. சுருண்டு படுத்திருந்த வள்ளி ஞாபகம் வந்தாள். ஆற்றையும் முதலாளியையும் கண்டு அவன் பட்ட பயமெல்லாம் அன்றைக்கு அவனைப் பிடித்த பயத்துக்குப் பக்கத்தில் நிற்காது. அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

பாவப்பட்டு ஆதிகேசவன் செல்லைக் கழுவ வழி சொன்னார். கழித்துப்போட்ட ரயில்வே செல்களில் தேறிய மூன்றை அடுத்த வாரம் விலை குறைத்துக் கடனுக்கு வாங்கித் தருவதாகவும் சொன்னார். அனுப்பும்போதுதான் சாதாரணமாகச் சொன்னார்: "காலைல தந்தி வந்துது. கோலார் பக்கம் ஏரிங்க ரொம்பி வழியுதாம். ஆத்துல தண்ணி எறங்கும், பாத்துக்கோ."

வேதாசலம் ஊர் வந்து சேர்ந்தபோது பிற்பகல், சுள்ளென்ற வெயில். கரையில் ஷாப்பு ஆட்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். மணல் மேல் செம்மண் நுரை சருகையும் முள்ளையும் தள்ளிக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தது. பின்னாலேயே ஆறு. கொட்டகைக்கு ஓடிப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். எஞ்சினில் பொறி பறக்கப் பேட்டரியில் உயிரில்லை. தண்ணீர் கொட்டகையின் முதல் கம்பத்தை நனைத்தது. அந்த நேரம் பார்த்து, பெரிய வீட்டில் வேலை செய்யும் பில்கிஸ் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"படகு ரெடியான்னு அம்மா கேக்குறாங்க. கொழந்தைங்கள எல்லாம் கீழ எறக்கிட்டாங்க."

"ரெடி" என்றான் வேதாசலம். வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவனுக்குத் தெரியாது. பில்கிஸ் திரும்பி ஓடினாள். அவன் வாய்விட்டு அழுதுவிட்டான். தண்ணீர் மரக்கட்டையைத் தொட்டு, ஒரு சாண் ஏறி, நின்றது. வெகு நேரம் அங்கேயே நின்றுவிட்டு, மெல்ல இறங்கத் தொடங்கியது.

பொழுது சாய்ந்தது. தொழுகைக்கு அழைப்புக் கேட்டது. அரிக்கேன் விளக்கை எடுத்தான், நெருப்புப் பெட்டியை எடுத்தான், இரண்டையும் கீழே வைத்துவிட்டுப் பெரிய வீட்டுக்கு நடந்தான். திரைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான்.

திரைக்குப் பின்னாலிருந்து பேகத்தின் குரல் வந்தது. அதுவும் நடுங்கியது.

"ஆறு வாரம் ஒரு அரிக்கேன நம்பி நான் தூங்கினேனா? இன்னிக்கு அந்தப் படகுல என் பேத்திங்கள ஏத்திருப்பேனே, பாவி!"

"தப்பு தான்மா. அடுத்த வெள்ளிக்கெழம நெஜமா எரியும். நல்ல தண்ணி மட்டும் கெடைச்சா எரியும்."

"தண்ணிதானா? நம்ம வீட்டுக்குத் தெனம் பீப்பா வண்டியில மேலாத்து ஊத்துத் தண்ணி வருதே, அதுல எடுத்துக்கறது. ஷாப்புக் கெணத்துத் தண்ணிய இன்னாத்துக்கு ஊத்தின? அந்தத் தண்ணிய யாராவது எதுக்காவது தொடுவாங்களா?"

லைன் வீடுகள் நாற்பது. நாற்பது வீட்டுக்கும் அந்த ஒரு கிணறுதான். அதைச் சொன்னால் ஷாப்பையே குற்றம் சொன்னதாகிவிடும். ஏற்கெனவே அவன் வேலை நூலில் தொங்குகிறது.

"எவ்ளோ வேணும் அதுக்கு?" என்றார் பேகம்.

வாரத்துக்கு அரைச் சொம்பு என்று ஆதிகேசவன் சொன்னது காதிலேயே இருந்தது.

"தெனம் ரெண்டு கொடம், அம்மா."

"ரெண்டு கொடமா? ஒரு பேட்டரிக்கா?"

"ஆறு செல்லும்மா. ரொம்பப் பழசு. தாகம் ஜாஸ்தி." பயம் இருந்தும் வாய் நின்றபாடில்லை. "வெயில் காலத்துல நாலு கொடம் ஆவும்."

திரை அசையவில்லை.

"பில்கிஸ், வண்டிக்காரன் கிட்ட சொல்லு. நாளைலேர்ந்து படகுக்கு ரெண்டு கொடம் எறக்கணும்."

மறுநாள் கெங்கம்மாள் வீட்டில் அந்தத் தண்ணீரில் அரை மணியில் பருப்பு வெந்தது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, ஆதிகேசவன் தந்த செல்களோடு, படகு விளக்கு பளிச்சென்று எரிந்தது. வள்ளி வயிற்றைப் பிடித்துக்கொள்வதை விட்டாள். பக்கத்து வீட்டுச் சவுரியம்மாள் தன் கைக்குழந்தைக்கு ஒரு சொம்பு கேட்டாள், அதற்கடுத்த வீட்டிலும் கேட்டார்கள். பேட்டரிக்குத் தாகம் ஏறிக்கொண்டே போனது. அடுத்த கோடையில் எட்டுக் குடம். அதற்கடுத்த வருஷம் அரை வண்டி. ஐந்தாம் வருஷம் படகுக்கென்றே தனியாக ஒரு பீப்பாய் வண்டி தினமும் வந்து லைன் வீடுகளின் முன்னால் நின்றது. பேகம் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை.

படகு அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட மிதக்கவில்லை. வேதாசலத்தின் பயமும் ஒரு நாள்கூடத் தீரவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கை ஏற்றிவிட்டு, அந்த அம்மாள் இன்றைக்காவது கொட்டகைக்கு வந்து பேட்டரி எவ்வளவு பெரியது என்று பார்த்துவிடுவார்களோ என்று நடுங்கிக்கொண்டே மாடி ஜன்னலைப் பார்த்து நின்றான். நடுங்கிக்கொண்டேதான் மறுநாள் காலையில் வண்டிக்காரனிடம் இன்னும் ஒரு குடம் கூடக் கேட்டான்.