தோற்பையில் மிஞ்சிய மூச்சு

சில்க்போர்க்கிலிருந்து ஏரியோரமாகச் செல்லும் பஸ் என்னை இறக்கிவிடும் கிராமம் ஒரு குன்றின்மேல் இருக்கிறது. டென்மார்க்கில் அதையும் மலை என்றுதான் சொல்வார்கள். உண்மையான மலையில் பிறந்த ஒருவர் அங்கே வசித்தார். பல்கேரியாவில் ஆட்டிடையர்களின் ஊர். ஒரு டெனிஷ் பெண்ணை மணந்து இங்கே வந்தவர். மனைவி இறந்தபின் தனித்திருந்தார். சனிக்கிழமைகளில் அவருக்கு மருந்து கொடுத்து, கால்வீக்கத்துக்கான இறுக்கமான காலுறையை மாட்டிவிடுவது என் வேலை. மற்ற நாட்களில் இலக்கியம் படித்தேன்.

அவர் தோற்பை வாத்தியக்காரர். முழு வெள்ளாட்டுத் தோலை, மயிர் உட்புறம் வரும்படி புரட்டிக் கட்டிய பை. ஊதுவதற்கு ஒரு குழல், விரல்கள் ஓடுவதற்கு ஒன்று, ஒரே சுரத்தில் இரைந்துகொண்டிருக்கும் நீண்ட குழல் ஒன்று. ஊரில் மணப்பெண்ணை வீட்டை விட்டு வெளியே அழைத்துவருவது அவருடைய இசைதானாம். இங்கே தளபாடத் தொழிற்சாலையில் வேலை முடிந்ததும் பன்றிப்பண்ணைப் பக்கம் போய் வாசிப்பாராம். பன்றிகள் முறைப்பாடு செய்வதில்லை என்றார்.

இலையுதிர்காலத்தில் அவருடைய நுரையீரலில் நோய் கண்டார்கள். ஈரத்தோலில் வளர்ந்த பூஞ்சணம் மூச்சோடு உள்ளே போயிருக்க வேண்டும், இனி ஊதவே கூடாது என்றார் மருத்துவர். ஊதுவதைக் கண்டால், வீட்டுப் பராமரிப்புக்குப் போகும் நாங்கள் அதை வேலை ஐபாடில் பதிய வேண்டும். பதிந்தால், வைலே நகரில் இருக்கும் அவருடைய மகள் வந்து வாத்தியத்தை எடுத்துச் சென்றுவிடுவாள்.

அடுத்த சனிக்கிழமையே அவர் ஊதிக்கொண்டிருந்ததைக் கண்டேன்.

“எழுதாதே,” என்றார். “அதுவும் போனால் நான் டீவி பார்த்தே சாக வேண்டும்.”

நான் எழுதவில்லை. அன்று தொடங்கியது பயம். இருபது வருடமாக இதே வேலை செய்யும் அம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே அவர் சொன்னார்: “கண்டால் எழுதத்தான் வேணும் பிள்ளை. காணாததை ஏன் எழுத வேணும்?”

அதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன். அதன்பின் இசை கேட்டால் உள்ளே போகமாட்டேன். விறகு அடுக்கின் அருகே நின்று, பாட்டு முடிந்ததும், அவர் பையை அலுமாரிக்குள் வைக்கச் சற்று நேரம் விட்டு, மணியை அழுத்துவேன். கதவைத் திறக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கும். நான் முகத்தைப் பார்க்காமல் நகங்களைப் பார்ப்பேன். நீலம் ஏறியிருக்கிறதா என்று. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் காதைத் தீட்டிக்கொண்டு மேடேறுவேன். சத்தம் கேட்டால் நிம்மதி: வாசிக்கிறார், ஆகவே உயிரோடு இருக்கிறார். அவர் மூச்சு எடுக்கும் இடைவெளியில் முழங்கை பையை அழுத்துவதால் இசை அறுபடுவதில்லை என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. அந்தச் சத்தத்திலிருந்து அவருடைய மூச்சைப் பற்றி எதையும் அறிய முடியாது என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

மாசி மாதத்தில் ஒரு காலை, புல்லெல்லாம் உறைபனி. விறகின் அருகே நின்றேன். பாட்டு நின்றது, நீண்ட குழல் மட்டும் இரைந்தது. சுருதி பார்க்கிறார் என்று நினைத்தேன். அந்த ஒற்றைச் சுரம் மெல்லத் தாழ்ந்து, கோணி, அடங்கியது. அதற்குப் பிறகும் நான் காத்திருந்தேன், அவர் பையை ஒளித்துவைக்கட்டும் என்று.

மணிக்குப் பதில் இல்லை. பராமரிப்பாளர்களுக்காகக் கதவோரம் மாட்டியிருந்த சாவிப்பெட்டியின் எண்ணை இருமுறை பிழையாக அழுத்தினேன். அவர் தரையில், பையின்மேல் கவிழ்ந்து கிடந்தார். கடைசியாக நான் கேட்டது வாசிப்பல்ல; அவருடைய உடலின் பாரம் பையிலிருந்து வெளியே தள்ளிய காற்று. உதடுகள் சாம்பல் நிறம். மூக்கருகே கையை வைத்தேன்; குளிரில் விறைத்த விரல்களுக்கு எதுவும் தெரியவில்லை. கன்னத்தை வைத்தபோதுதான் மெல்லிய சூடு பட்டது. அவசர எண்ணை அழைத்தேன்; அவர் கண் திறந்ததும், தொலைபேசியில் ஒரு பெண்குரல் சொன்னபடி, அவரைக் கட்டிலோடு சாய்த்து நிமிர்த்தி உட்காரவைத்து, அம்புலன்ஸ் வரும்வரை பிடித்திருந்தேன்.

வந்தவர்களில் ஒருவர், எவ்வளவு காலமாக ஊதுகிறார் என்று கேட்டார். மருத்துவர் தடுத்த பிறகும், இலையுதிர்காலத்திலிருந்தே என்றேன். ஒட்சிசன் முகமூடிக்குள் இருந்தவருக்கு அது கேட்டது. கண்களை மூடிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து வீடு திரும்பினார். அலுமாரி காலியாக இருந்தது. நான் முழந்தாளிட்டு அவருக்குக் காலுறை மாட்டினேன்.

“அன்றைக்கு வெளியில் எவ்வளவு நேரம் நின்றாய்?”

“ஒரு பாட்டு முடியும் வரை.”

அவர் மற்றக் காலை நீட்டினார்.

“நான் அதை முடிக்கவில்லை,” என்றார்.