தீபாவளிக் கசெற்

இந்தத் தீபாவளிக்கு என் படத்தைத் தொலைக்காட்சியில் போடப்போகிறார்கள் என்று விளம்பரம் வந்த நாளிலிருந்து வீட்டில் எல்லாருடைய உயிரையும் வாங்கிக்கொண்டிருந்தேன். என் படம் என்றால் நான் எடுத்ததல்ல. அந்தக் காலத்துப் படம். அண்ணனும் தம்பியும் காணிச் சண்டையில் பிரிவார்கள், நடுவில் ஒரு தங்கச்சி அழுதுகொண்டே இருப்பாள், வில்லன் வெள்ளைச் சப்பாத்தோடு திரிவான். வேறு பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் சின்ன வயதில் தீபாவளிக்குத் தீபாவளி நான் பார்த்த படம் அது ஒன்றுதான். அதிலும் கொடுமை, ஒருமுறைகூட அதை முடிவுவரை பார்த்ததில்லை.

“இதைப் பாக்காட்டி என்னம்மா குறைஞ்சு போகும்?” என்று மகள் கேட்டாள். ஒரு படத்தின் முடிவு தெரியாமல் அரைக்கிழவியானவளிடம் கேட்கிற கேள்வியா அது?

அப்போது நாங்கள் வன்னியில், அக்கராயனில் இருந்தோம். ஊரில் கரண்ட் இல்லை. அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, வீட்டில் ஒரு ரீவியும் கசெற் போடுகிற டெக்கும் ஜெனரேற்றரும் வைத்திருந்தார். மண்ணெண்ணெய் குதிரைக்கொம்பாக இருந்த காலம் என்பதால் மூன்றும் வருஷம் முழுக்கத் துணியால் மூடிக் கிடக்கும். தீபாவளியன்று கோயிலுக்குப் போய்வந்து, ஆட்டிறைச்சிக் கறியோடு சாப்பிட்டு முடித்த பிறகுதான் துணி விலகும். அவரிடம் இருந்த கசெற்றும் அது ஒன்றுதான். முற்றத்தில் ஜெனரேற்றர் போடுகிற சத்தத்தில் வசனம் பாதி கேட்காது. எங்களுக்கு அது கேட்கத் தேவையுமில்லை. கதாநாயகன் வாயைத் திறக்க முன்னமே நாங்கள் சொல்லி முடித்துவிடுவோம்.

ஒரு வருஷம் மாமாவின் மகள், என் மச்சாள், பெரியபிள்ளையானாள். சாமத்தியவீட்டுச் சடங்கை வீடியோ எடுத்தே தீரவேண்டும் என்று மாமி ஒற்றைக்காலில் நின்றார். கிளிநொச்சியிலிருந்து கமெராவோடு ஒருவரைக் கூட்டிவந்தார்கள். எல்லாம் எடுத்து முடிந்த பிறகுதான் வில்லங்கம் தெரிந்தது. பதிந்து தருவதற்கு வெற்றுக் கசெற் இல்லை. அந்தச் சண்டை நாட்களில் தடையால் வன்னிக்குள் வராத சாமான்களில் அதுவும் ஒன்று. மாமா யோசிக்கவேயில்லை. அலுமாரியைத் திறந்து படக் கசெற்றை எடுத்து நீட்டினார்.

“இதின்ர கடைசிப் பக்கத்தில அடியுங்கோ தம்பி. அவன் சண்டை பிடிச்சு வெல்லுவான், வேறென்ன? எல்லாருக்கும் தெரிஞ்ச முடிவுதானே.”

எனக்குத் தெரியாது. அதுவரை படம் முடிய முன்னமே நித்திரையாகிவிடுகிற வயது எனக்கு. அந்தத் தீபாவளிக்குத்தான், இன்றைக்கு எப்படியும் கடைசிவரை பார்ப்பது என்று கண்ணைக் கசக்கிக் கசக்கி விழித்திருந்தேன். வில்லன் தங்கச்சியை அறைக்குள் கட்டி வைத்திருக்கிறான். கதாநாயகன் கதவை உதைக்கிறான். கதவு திறக்கிறது. உள்ளே வாழைமரம் கட்டிய பந்தலும், பாலறுகு வைக்கிற பெண்களும், அழுது வீங்கிய முகத்தோடு என் மச்சாளும்!

பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும், இன்றைக்கும் அப்படித்தான். எழும்பிப் போய் மாட்டுக்கொட்டிலடியில் குந்தியிருந்தேன். அப்பா வந்து கூப்பிட்டார். “வா பிள்ளை, நாங்களும் அதில வாறம்” என்றார். நான் போகவில்லை. கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்.

அந்த மாரியில் அப்பாவுக்கு மலேரியாக் காய்ச்சல் பிடித்தது. மருந்து கிடைக்கவில்லை. ஒரு கிழமைக்குள் போய்விட்டார்.

ஆண்டுத்திவசம் முடியும்வரை எங்களுக்குக் கொண்டாட்டம் எதுவும் இல்லை. அதற்கடுத்த தீபாவளிகளுக்கு மறுபடியும் மாமா வீட்டுக்குப் போனோம். அம்மா படம் பார்க்க வந்து இருக்கமாட்டார். மாமியோடு குசினிக்குள்ளேயே நிற்பார். கதவு உதைபடும் சத்தம் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சுவரோரம் நிற்பார். பந்தல் தெரிந்த உடனேயே பிள்ளைகள் நாங்கள் கத்திக்கொண்டு வெளியே ஓடிவிடுவோம். மாமா ஜெனரேற்றரை நிறுத்த எழும்புவார்.

“அண்ணை, கொஞ்ச நேரம் விடுங்கோ” என்பார் அம்மா.

மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாகப் பார்த்து ஊற்றுகிற மாமா, மறுபேச்சுப் பேசாமல் விடுவார். அம்மாவுக்கு அந்தப் பட்டுச் சீலைகளைப் பார்க்க ஆசையாக்கும் என்று நான் நினைத்தேன். எனக்கு வேலியோரத்தில் பெரிய வேலை இருந்தது. பயற்றம் பணியாரத்தைக் கடித்தபடி படத்துக்கு நாங்களே முடிவு கட்டுவோம். என் முடிவில் வில்லன் குளத்துக்குள் விழுவான், முதலை பிடித்துக்கொண்டு போகும். யாராவது ஒத்துக்கொள்ளாவிட்டால் அன்றைக்கு அடிபிடிதான்.

பிறகு இடம்பெயர்ந்து, இடம்பெயர்ந்து, கடைசியில் உடுத்த உடுப்போடு முகாமுக்கு வந்து சேர்ந்தோம். அம்மா அப்பாவின் கலியாணப் படங்கள் எந்த இடத்தில் விடுபட்டன என்று அம்மாவுக்கே தெரியாது. முகாமில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண், தன் கணவரின் படத்தைப் பொலித்தீன் பைக்குள் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். அதைப் பார்த்துவிட்டு வந்த ஒரு நாளில்தான் அம்மா வாயைத் திறந்தார்.

“எங்களிட்டக் கொப்பாவின்ர படம் ஒண்டும் இல்லைப் பிள்ளை. அந்தக் கசெற்றிலதான் இருந்தவர். சோத்துக் கிடாரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்.”

மாட்டுக்கொட்டிலடியில் அப்பா சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் போன பிறகும் தீபாவளிக்குத் தீபாவளி அந்த வீட்டுக்குள் நடந்து வந்திருக்கிறார். நான் வெளியே நின்று முதலைக்காகச் சண்டை பிடித்திருக்கிறேன். இப்போது வவுனியாவில் இருக்கிற மச்சாளிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். கசெற் எங்கே போனதென்று அவளுக்கும் தெரியாது. அப்பாவை நினைத்தால் மீசை ஞாபகம் வருகிறது, மற்றதெல்லாம் கலங்கிப்போய்விட்டது. அம்மப்பா எப்படி இருப்பார் என்று மகள் கேட்டால், “நல்ல வடிவான ஆள்” என்று சொல்லித் தப்பிவிடுவேன்.

தீபாவளியன்று மத்தியானம் படம் தொடங்கியது. மகள் கொஞ்ச நேரத்தில் ஃபோனோடு அறைக்குள் போய்விட்டாள். நான் கதிரையை விட்டு அசையவில்லை. கதாநாயகன் கதவை உதைக்கத் தொடங்கியபோது, குசினிக்குள் நின்ற அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து சுவரோரம் நின்றார்.

“இருங்கோ அம்மா” என்று பக்கத்துக் கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை.

கதவு திறந்தது. உள்ளே வில்லன்தான் நின்றான். அடி, உதை, ஒரு மேசை உடைந்தது. தங்கச்சி இரண்டு அண்ணன்மாரின் கைகளையும் பிடித்துச் சேர்த்துவைத்தாள். சுபம். இந்த முடிவுக்காகவா அன்றைக்கு அந்தக் கோபம் கோபித்தேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

“இது வேற கசெற்” என்றார் அம்மா.

“ஓம் அம்மா. இதில அப்பா வரமாட்டார்.”

“தெரியும் பிள்ளை. எண்டாலும் வந்து பாத்தனான்.”

ரீவியை நிறுத்தினேன். இவ்வளவு காலமும் அம்மாவிடம் நான் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. கேட்டால் அழுவார் என்று பயம். அன்றைக்குக் கேட்டேன்.

“அப்பா அதில எப்பிடி வருவார்?”

அம்மா அழவில்லை. ஆறுதலாகக் கதிரையில் இருந்தார்.

“சாரத்தை மடிச்சுக் கட்டியிருப்பார். கிடாரத்தின்ர ஒரு பக்கம் கொப்பா, மற்றப் பக்கம் மாமா. வீடியோ எடுத்த பெடியன், ‘அண்ணை, கொஞ்சம் நில்லுங்கோ’ எண்டு கத்துவான். ‘சோறு ஆறிப்போம் தம்பி’ எண்டு சொல்லிப்போட்டு இவர் தன்ர பாட்டில நடப்பார்.” அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. “நீ பின்னால சாரத்தைப் பிடிச்சுக்கொண்டு ஓடிவருவாய். கால் தடக்கும். ‘விழப்போறாய் பிள்ளை’ எண்டு உன்னைத் திரும்பிப் பாப்பார். அப்பதான் அவற்ர முகம் முழுசாத் தெரியும்.”

நானும் அதில் இருந்திருக்கிறேன். அப்பா என்னைப் பார்க்கத்தான் திரும்பியிருக்கிறார்.

“நீயும் பாத்தனிதானே, எத்தினை தீபாவளி?” என்று கேட்டார் அம்மா.

“ஓம் அம்மா” என்றேன். “பாத்தனான்.”