புல் பார்க்கும் உத்தியோகம்

மகளையும் கூட்டிக்கொண்டு அங்கே போவதா, விடுவதா? நாட்டின் மேற்கே ஓர் அரசாங்கக் காட்டில் எத்தனை மாடுகள் மேயலாம் என்று முடிவுசெய்யும் வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. அதே வேலை பார்க்கும் ஓர் அக்காவை றிச்மண்ட் ஹில் கோயிலில் சந்தித்தேன். வெயிலில் கறுத்த முகம். பேசும்போதே குனிந்து, கோயில் முற்றத்துப் புல்லை விலக்கி அடியைப் பார்த்தார்.

“பிள்ளையோட சமாளிக்கலாமோ, அக்கா?”

“புல்லு கட்டையாப் போட்டுது, மாட்டை எடுங்கோ எண்டு பண்ணைக்காரருக்குச் சொன்னன். மகளின்ரை பேர்த்டேக்கு ஒரு பிள்ளையும் வரேல்லை. ஊரிலை ஒரே பள்ளிக்கூடம், தங்கச்சி. எல்லாம் அந்தப் பண்ணைக்காரரின்ரை பிள்ளையள்.”

“இனியும் சொல்லுவீங்களோ?”

“பின்னை? புல்லு வளர வேணுமே.”

எரிச்சல் வந்தது. அவர்மீதா, அந்த ஊர்மீதா, இன்னும் தெரியவில்லை. என் மகளும் அடுத்த வருடம் பள்ளிக்கூடம் போகிறாள். பிள்ளைகளோடு இப்படி இடம்மாறியவர்களே, நான் போகலாமா? சொல்லுங்கள்.