கிஃப்ட்டைத் திறங்க மேடம்

விஜயா மேடம் போய்விட்டார். புதன்கிழமை காலை. நெஞ்சு வலி.

வேங்கிக்காலில் எங்கள் அலுவலகத்தில் பல வருடங்களாக எனக்கு எதிர் மேசை. ஆபீஸ் வாட்ஸப் குழுவில் எல்லோரும் ஒரே கைகூப்பும் படத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் கட்டைவிரலை உயர்த்தியிருக்கிறார். நான் அங்கே எதுவும் எழுதவில்லை.

அவர் எனக்குக் கடைசியாக அனுப்பிய கிஃப்ட் என் போனில் திறக்காமல் கிடந்தது... புடவை, பாத்திரம் என்று நினைக்க வேண்டாம். போன் விளையாட்டில் வருகிற பெட்டி.

தெரியாதவர்களுக்கு: போனைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்க வேண்டும். நம் எதிரிலேயே ஏதோ ஒரு விசித்திர ஜந்து நிற்பதாகத் திரை காட்டும். பந்தெறிந்து அதைப் பிடிக்க வேண்டும். ஊரில் உள்ள கோயில், சிலை, பூங்கா எல்லாம் அதில் குறித்திருக்கும். அங்கே போய் நின்று திரையில் வரும் வட்டத்தை விரலால் சுற்றிவிட்டால் கிஃப்ட் கிடைக்கும். அதை நண்பருக்கு அனுப்பலாம்.

மேடத்துக்குச் சுகர் ஜாஸ்தி, நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா நடக்கட்டும் என்று மகள் இதைப் போனில் ஏற்றிக் கொடுத்தார். கிஃப்ட் அனுப்ப ஒரு ஆள் வேண்டுமே. என் போனை வாங்கி விஜயா மேடமே ஏற்றிவிட்டார்.

"நான் எதையும் பிடிக்க மாட்டேன் மேடம்."

"நீங்க ஒண்ணும் பிடிக்க வேணாம். ஃபிரண்டா மட்டும் இருங்க, போதும்."

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி போயிற்று.

கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். வண்டி வேகமெடுத்தால், ஓட்டுவது நீங்கள்தானா என்று அந்த விளையாட்டு கேட்குமாம். "தெனமும் கேக்குது மேடம். கவர்மெண்ட் பஸ்ஸை நானா ஓட்டறேன்?" என்று என்னிடம் சண்டைக்கு வருவார். கேட்டது நான் என்பதுபோல.

ஒரு பௌர்ணமிக்கு என்னைக் கிரிவலம் இழுத்துக்கொண்டு போனார். எனக்குக் கிரிவலத்திலும் நம்பிக்கை இல்லை, அந்த விளையாட்டிலும் இல்லை. போனேன்.

அதில் முட்டைகளும் உண்டு. நடக்க நடக்கப் பொரியும். சாயங்காலக் கூட்டத்தின் நடுவே இவர் கத்தினார்: "மேடம், நில்லுங்க, முட்டை பொரியப் போவுது!"

முன்னால் போன அம்மா விரதம் போலிருக்கிறது. திரும்பி நின்றுவிட்டார். "இன்னாம்மா இது... மலை சுத்த வந்த எடத்துல முட்டை பொரிக்கிறீங்களா?"

"ஐயோ, அந்த முட்டை இல்லம்மா. இது குஞ்சு இருக்கிற முட்டை."

"குஞ்சோடயா? அது இன்னும் பாவம்மா!"

நான் யாரோ போல முன்னால் நடந்தேன். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். எதையோ பிடிக்க, வந்த வழியே கூட்டத்துக்கு எதிராகப் போய்க்கொண்டிருக்கிறார். போலீஸ்காரர் மறித்தார்.

"எல்லாரும் இப்படிப் போறாங்க, நீ மட்டும் எங்கம்மா அப்படிப் போற?"

"செருப்பை விட்டுட்டேன் சார்."

"கிரிவலத்துக்குச் செருப்பு போட்டுக்கினா வந்த?"

அந்தக் கேள்விக்கு நானும் சேர்ந்து தலைகுனிந்தேன்.

கிஃப்ட் விவகாரம்தான் இதில் ஆகக் கொடுமை. ஆடிட் நடக்கும்போது மேசைக்கு வந்து குனிந்து காதில் சொல்வார். "மேடம், கிஃப்ட்டைத் திறங்க மேடம். நீங்க இதைத் திறந்தாதான் நான் அடுத்தது அனுப்ப முடியும்."

"திறந்தா என்ன வரும்?"

"பந்து வரும்."

"எனக்கு எதுக்குப் பந்து?"

"இருக்கட்டுமே. சோறா கேக்குது?"

இன்று காலை பஸ் ஸ்டாப்பில் கண்ணீர் அஞ்சலி பேனர் பார்த்தேன். அந்தப் போட்டோ நான் எடுத்ததுதான். ஆபீஸ் சைக்கிள் ஸ்டாண்டில், போன் திரையில் தன் பக்கத்தில் ஒரு ஜந்துவை நிறுத்திக்கொண்டு, "அது ஓடிடும் மேடம், சீக்கிரம்" என்று உயிரை வாங்கி எடுக்க வைத்தது. ஜந்துவை வெட்டியிருக்கிறார்கள், சரியாக வெட்டவில்லை. தோளுக்குப் பின்னால் ஊதா நிறத்தில் ஒரு வால்.

"அது என்ன மேடம், பூவா?" என்றார் எங்கள் கணக்கர்.

"வால்."

"யாரோட வால்?"

வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

திங்கள் மதியம் வாயுப் பிடிப்பு என்று பர்மிஷன் சொல்லிக் கிளம்பினார். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார் என்று பிறகு தெரிந்தது. மாலையே கிஃப்ட் வந்துவிட்டது. இதெல்லாம் அனுப்புகிறார் என்றால் நன்றாகத்தான் இருக்கிறார் என்று போனை வைத்துவிட்டேன்...

சாவு வீட்டில் அவர் வீட்டுக்காரர் வருகிறவர்களிடம் எல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "ஆஸ்பத்திரி வாசல்ல புள்ளையாரு இருக்காரும்மா. அவ்ளோ வலியிலயும் ஒரு நிமிஷம் இருங்கன்னு சொல்லிட்டு அங்கயே நின்னா. சாமி கும்புட்டுட்டுதான் உள்ளயே வந்தா." சொல்லச் சொல்ல அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கேட்டவர்களுக்கும்தான்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் தொட்டேன். எந்த இடத்தில் எடுத்த கிஃப்ட் என்று படத்தோடு காட்டும்.

ஆஸ்பத்திரி வாசல். பிள்ளையார்.

உங்களை என்னதான் செய்வது மேடம்...

அவர் வீட்டுக்காரர் முகநூலில் இல்லை. இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து அவரிடம் போய்ச் சொல்ல வேண்டாம்.

விஜயா மேடம், திறந்துட்டேன். அடுத்தது அனுப்புங்க.