மழைக்காக நான் கேட்காத மன்றாட்டு

எங்கள் மாதா கோயிலில் உப்பளத்துக்காரர்களும் பயிர் வைப்பவர்களும் ஒரே பெஞ்சில் உட்காருகிறோம். கோடை முழுவதும் ஒருவனுக்கு வெயில் வேண்டும், பக்கத்தில் இருப்பவனுக்கு மழை வேண்டும். இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பூசை முடிந்ததும் ஒருவருக்கொருவர் தோத்திரம் சொல்லிவிட்டு, வயல்காரர்கள் பிரம்மதேசம் பக்கம் வண்டியைத் திருப்புவார்கள், நாங்கள் கடற்கரைச் சாலைக்குத் திருப்புவோம்.

நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன். ஓய்வு பெற்றபின் ஒரு நண்பரோடு சேர்ந்து மரக்காணத்தில் கொஞ்சம் உப்பளம் குத்தகைக்கு எடுத்தேன். படிப்பும் குரலும் இருந்ததால், ஞாயிற்றுக்கிழமை பூசையில் விசுவாசிகளின் மன்றாட்டைச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. பிரசங்கம் முடிந்ததும் மைக் முன்னால் போய் நிற்பேன். திருச்சபைக்காக, நோயாளிகளுக்காக, தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காக, இறந்தவர்களுக்காக என்று ஒவ்வொன்றாக மனத்திலிருந்தே சொல்வேன். ஒவ்வொன்றுக்கும் கோயில் முழுவதும் சேர்ந்து, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று பதில் சொல்லும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். ஊருக்காகக் கடவுளிடம் பேசுகிறவன் நான் என்ற கர்வமும் உள்ளே இருந்தது.

அந்த ஆண்டு ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. கோடைக்குள் பிரம்மதேசம் பக்கத்துக் கிணறுகளில் தரை தெரிந்தது. என் மனைவி அந்தப் பக்கத்துப் பெண். அவளுடைய தம்பி அங்கே வேர்க்கடலை போட்டிருந்தான். ஒரு ஞாயிறு பூசைக்கு முன், மனைவியும் பக்கத்தில் இருக்கும்போது, பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு, "சார், மழைக்கும் ஒரு மன்றாட்டு சேத்துக்குங்க" என்றார். தலையாட்டினேன். அன்று உண்மையாகவே மறந்துபோனேன்.

அடுத்த ஞாயிறு மறக்கவில்லை. பாத்திகளில் உப்பு நன்றாக இறுகிக்கொண்டிருந்த நேரம் அது. வாரிக் குவித்தது வரப்போரம் மூடாமல் கிடந்தது. ஒரு மணி நேரம் நல்ல மழை பெய்தால் அத்தனையும் கரைந்து ஓடிவிடும். நோயாளிகளுக்கான மன்றாட்டு முடிந்தது. மழை என்ற சொல் தொண்டை வரை வந்தது. அதை விழுங்கினேன். முன் பெஞ்சில் யாரோ இருமினார்கள்; அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு இறந்தவர்களுக்குத் தாவினேன். அதற்கும் அடுத்த வாரம் சாமியாரே பீடத்திலிருந்து மழைக்காக வேண்டினார். வயல்காரர்களின் பதிலில் கூரை அதிர்ந்தது. நான் உதட்டை மட்டும் அசைத்தேன்.

மழை வரவில்லை. எங்களுக்கு உப்பு நன்றாக விளைந்தது. ஒரு மத்தியானம் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு, "மாமா, மாட்ட வித்துட்டேன்" என்றான்.

"ரெண்டையுமா?"

"ஒண்ண மட்டும் வச்சிக்கினு இன்னா பண்றது? அதுக்குத் தொணை வேணாவா? அப்புறம் நான்தான் கொட்டாயில போய்ப் படுக்கணும்" என்று சிரித்தான். அவன் அக்கா சிரிக்கவில்லை. தட்டை எடுத்து வைத்தாள்.

மழைக்கான மன்றாட்டை வேண்டுமென்றே விட்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் முழந்தாளிட்டு, கோபப்பட்டதையும் புறம் பேசியதையும் சொன்னேன். இதை மட்டும் விட்டுவிட்டேன். மழை கேட்காதது பத்துக் கட்டளைகளில் எதற்கு எதிரான பாவம் என்று என் வாத்தியார் புத்தி கேட்டது. பதில் கிடைக்காததால் அது பாவமில்லை என்று வைத்துக்கொண்டேன். ஆனால் அன்றிலிருந்து என் ஜெபத்தில் உயிரில்லை. வார்த்தைகள் தடையில்லாமல் வந்தன. பாடம் ஒப்பிக்கும் மாணவனின் குரல் போல அது எனக்கே கேட்டது.

அடுத்த ஆண்டு ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் மனைவிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. சமையலறையிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பாண்டிச்சேரியில் பார்த்த டாக்டர், இதய வால்வு பழுதாகிவிட்டது, ஈஸ்டர் முடிந்ததும் ஆபரேஷன் செய்துவிடலாம், இந்த வயதில் ஆபத்து இல்லை என்று சொல்ல முடியாது என்றார்.

எங்கள் வீட்டில் விளக்கு வைத்ததும் ஜெபமாலை சொல்வது வழக்கம். ஒவ்வொரு மந்திரத்திலும் முதல் பாதி நான், பின்பாதி அவள். மூச்சு போதாமல் அவளால் பின்பாதியைச் சொல்ல முடியவில்லை. மணியை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பாதியையும் நானே சொன்னேன். அப்படி ஒரு மாலை சொல்லிக்கொண்டிருக்கும்போது இவளைக் காப்பாற்று என்று மனத்துக்குள் கேட்கப் போனேன். கேட்க முகமில்லை. என் பாத்தி கரையக் கூடாது என்று மற்றவர்களின் தண்ணீரைக் கேட்காமல் விட்டவன், இப்போது எனக்கென்று வந்து கையேந்துகிறேன். நாக்கு நின்றுவிட்டது.

"இன்னாங்க, நின்னுட்டீங்க?"

சொன்னேன். மழைக்கு நான் வேண்டுமென்றே கேட்கவில்லை என்று சொன்னேன்.

அவள் சற்று மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்குத் தெரியும். மறந்துட்டீங்கன்னு நெனச்சி இருமிக் காமிச்சேன். நீங்க என்னப் பாத்துட்டு அடுத்ததுக்குப் போயிட்டீங்க."

"ஏன் கேக்கல என்னை?"

"கேட்டா ஒரு பாடம் நடத்துவீங்க. அன்னிக்கு உங்களுக்குச் சோறு போடவே மனசு வரல. போட்டேன்." மறுபடி மூச்சு வாங்கினாள். "எங்கிட்ட சொல்லி இன்னா? மாட்ட வித்தவன்கிட்ட போய்ச் சொல்லுங்க."

மறுநாள் போனேன். மச்சான் காலியான கொட்டகையில் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். நான் சொன்னதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தான்.

"ஏன் மாமா, திண்டிவனத்துல இருந்து பாண்டிச்சேரி வரைக்கும் ஒரு சொட்டு இல்ல. நீ ஒரு ஆளு கேக்காததாலதான் வரலியா? பெரிய ஆளுதான் நீ!"

நானும் சிரிக்க முயன்றேன். அவன் கயிற்றை ஒரு முறை முறுக்கினான். பிறகு தலை நிமிராமல், "ஆனா கேட்டிருக்கலாம் மாமா" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். எனக்கு டீ போட்டுக் கொடுத்தான். திரும்பும் வழியில் கோயிலில் இறங்கி, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். இந்த முறை எந்தக் கட்டளை என்று நான் யோசிக்கவில்லை. அவர் கொடுத்த பிராயச்சித்தம் சிறியது. வருகிற ஞாயிறு மழைக்கு நீங்களே கேளுங்கள் என்றார்.

அந்தக் கோடையும் வறண்டுதான் இருந்தது. எங்கள் உப்பும் வெளியில்தான் கிடந்தது. மைக் முன்னால் நின்று, நிலத்துக்கும் கிணற்றுக்கும் ஆடுமாடுகளுக்கும் மழை தர வேண்டும் என்று கேட்டேன். வெளியே வந்ததும் குத்தகைக் கூட்டாளியான நண்பர் என் கையைப் பிடித்தார்.

"சார், உங்களுக்கு இன்னா ஆச்சி? குவியல் தொறந்து கெடக்குது, நீங்க மைக்குல மழை கேக்குறீங்க!"

"தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லுங்க."

"பூசைக்கு முன்னாடியே சொல்லியிருந்தா மூடிட்டு வந்திருப்பேன் இல்ல?" என்று அங்கிருந்தே அளத்துக்கு போன் போட்டார். அவருடைய விசுவாசம் என்னுடையதைவிடப் பெரியது என்று நினைத்துக்கொண்டேன். அந்த மாதம் மழை வரவே இல்லை.

மழை வரவில்லையே தவிர, நான் சொன்ன வார்த்தை மீண்டும் என்னுடையதாக இருந்தது. அந்த ஞாயிறு மாலை மனைவிக்காகக் கேட்க முடிந்தது. பயம் அப்படியே இருந்தது. ஆனால் பயத்தோடேயே கடவுள் முன்னால் உட்கார முடிந்தது.

ஆபரேஷன் அன்று நானும் மச்சானும் தியேட்டர் வாசலில் பெஞ்சில் இருந்தோம். பக்கத்தில் பெருமுக்கல் ஊரிலிருந்து வந்த பெண்மணி ஒருவர், நெற்றியில் அகலமான குங்குமம். அவர் கணவர் உள்ளே தீவிர சிகிச்சையில் இருந்தார். என் கையிலிருந்த ஜெபமாலையைப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்க சாமிகிட்ட எங்க வூட்டுக்காரருக்கும் ஒரு வார்த்த சொல்லுங்கய்யா" என்றார்.

சொன்னேன். அவர் கணவரின் பெயர் தெரியாது, நோய் தெரியாது. அந்த மனிதர் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே வெகுநேரம் ஆகிவிட்டது. என் மனைவிக்காகக் கேட்கும் முறை வந்தபோதுதான் கவனித்தேன், மார்பில் இத்தனை மாதங்கள் கிடந்த இறுக்கம் இல்லை. அவள் பிழைப்பாளா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதைத் தாங்க முடிந்தது. கிறிஸ்து தருகிற சமாதானம் என்று நான் எத்தனையோ முறை மைக்கில் சொல்லியிருக்கிறேன். அது இவ்வளவு சாதாரணமாக, பினாயில் வாடையடிக்கும் ஒரு ஆஸ்பத்திரி நடையில், மச்சான் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது வரும் என்று நான் எதிர்பார்த்ததில்லை.

சாயங்காலம் டாக்டர் வந்து, வால்வு மாற்றியாகிவிட்டது, நன்றாக இருக்கிறார் என்றார். மச்சான் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். சிறிது நேரத்தில் இன்னொரு கதவு திறந்து, நர்ஸ் அந்தப் பெண்மணியைக் கூப்பிட்டாள். திரும்பி வந்தவர் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் கணவர் இறந்துவிட்டிருந்தார்.

"மாமா, கெளம்பலாம் வா. அக்காவப் பாக்க நாளைக்குத்தான் வுடுவாங்களாம்" என்றான் மச்சான்.

"நீ போய்ச் சாப்புடு. அவங்க பையன் வர்ற வரைக்கும் நான் இங்க இருக்கேன்."

அந்தப் பெண்மணி அழுதார். நான் பக்கத்தில் இருந்தேன்.