முதல் நாள் பாதி விலை

சலவை அறையிலிருந்து சிட்டு மேல்தளத்துக்கு வந்து மூன்று பயணம்தான் ஆகியிருந்தது. உல்லாசக் கப்பலின் தனி உணவகத்துக்கு ஆள் பிடிப்பது அவள் வேலை. மாலைக்குள் இருபது மேசையும் நிரம்பாவிட்டால் மறுபடி சலவைக்கே போகவேண்டும் என்று மேலாளர் கறாராகச் சொல்லியிருந்தார்.

பயணத்தின் முதல் நாள் அங்கே பாதி விலை. அதைக் கேட்டதுமே பயணிகள் சந்தேகப்பட்டு நகர்ந்தார்கள்.

“டிக்கெட்லயே சாப்பாடு இருக்கு. இதுக்குத் தனிக் காசு, அதுவும் பாதின்னா, பழைய கறியாம்மா?” என்று கேட்டார் தொப்பி போட்ட ஒரு பெரியம்மா.

சிட்டுவுக்குப் பொறுக்கவில்லை. “ஐயோ பெரியம்மா, இன்னைக்கு வெட்டின கறி! முதல் நாள் எல்லாரும் அலுப்புல பொது ஹால்லயே சாப்பிட்டுப் படுத்துடுறாங்க. நாங்க ஈ ஓட்டுறோம், அதான் பாதி. நாளைக்குக் கூட்டம் வந்துடும், முழுசா வாங்கிடுவோம்.”

“அடிப்பாவி, இத முதல்லயே சொல்ல என்ன கூச்சம்!” பெரியம்மா சிரித்துக்கொண்டே போய், கூடப் பயணம் வந்த சம்பந்தி வீட்டாரையும் திரட்டி வந்தார். அவர்கள் போட்ட சத்தத்தில் மற்றவர்களும் வர, உணவக வாசலில் வரிசையே நின்றது. ஐந்து மணிக்குள் எல்லா மேசையும் நிரம்பிவிட்டது.

மேலாளர் வாயைப் பிளந்தார். “என்னம்மா சொன்ன?”

“உண்மையத்தான் சார்.”

“சரி, இனிமே இந்த இடம் உனக்குத்தான். ஆனா நாளைக்கு முழு விலை குடுக்க வர்றவங்ககிட்ட, ‘நேத்து பாதி விலை’ன்னு உளறித் தொலைக்காத!”