மெழுகு பூசாத குண்டுகள்

எங்கள் தெருவில் வலைக்கு ஈயமணி வார்க்கிற வீடுகள் நாலைந்து உண்டு. ஆனாலும் ஆழக்கடலில் வலை விடுகிறவர்கள் எங்கள் வீட்டைத்தான் தேடி வருவார்கள். அம்மா வார்த்த மணிகளில் கைக்கு வந்த இரண்டை எடுத்துத் தராசில் வைத்தாலும் முள் நடுவிலேயே நிற்கும். வலை ஒரு பக்கம் இழுக்காமல் சீராய் இறங்குவதற்கு அதுதான் காரணம் என்று வலைக்காரர்கள் சொல்லுவார்கள். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. ஆண்டவர் அம்மாவின் கைக்குக் கொடுத்திருந்த வரம் அது.

புற்றுமண்ணைப் பிசைந்து, மாதிரி மணியை அதில் அமுக்கி எடுத்து, காயவைத்து, அந்தக் குழியில் ஈயத்தை ஊற்றுவாள். மண் காய்ந்தால் சுருங்கும். குழியும் சிறுத்துவிடும். அதற்காக அம்மா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கி, மாதிரியின்மேல் ஒரு பூச்சுப் பூசி, அதைக் கொஞ்சம் பருமனாக்கிய பிறகுதான் மண்ணில் அமுக்குவாள். மண் சுருங்கி முடிக்கும்போது அளவு சரியாக வந்து நிற்கும். நாலாம் வகுப்புப் படித்த எனக்கே இது தெரியும். மெழுகு உருக்குவது என் வேலை.

அம்மாவுக்கு ஒரே தம்பி. என் மாமா. ஒரு வாடைக்காற்றில் வள்ளம் கவிழ்ந்து, கூடப் போனவர் திரும்பாமல், மாமா மட்டும் கரையேறினார். அதன்பிறகு வள்ளத்தில் கால் வைத்தால் அவருக்கு முழங்கால் உதறும். கொஞ்சநாள் முயன்று பார்த்துவிட்டு, வல்லநாட்டுப் பக்கம் ஒரு கடைக்கார அண்ணாச்சியின் கடலைத் தோட்டத்துக்குக் காவலாகப் போய்விட்டார். தெருவில் அவருக்குக் 'கரைக்கப்பல்' என்று பெயர் வைத்தார்கள். அவர் தலை தெரிந்தால் போதும், "கரைக்கப்பல் வருதுலே, நங்கூரத்தைப் பிடி" என்று யாராவது கத்துவார்கள். மாமா சிரித்துக்கொண்டே வருவார். வீட்டுக்குள் வந்ததும் அந்தச் சிரிப்பு இருக்காது.

அந்தச் சமயத்தில் மாமாவுக்கு எங்கள் தெருவிலேயே ஒரு பெண்ணைப் பேசியிருந்தார்கள். பெண்ணுக்குச் சம்மதம். தாய்தகப்பனுக்கும் சம்மதம். பெண்ணின் அண்ணனுக்கு மட்டும் மனசில்லை. சொந்தமாக வள்ளம் வைத்திருந்தவர், நெஞ்சை முன்னால் விட்டுக்கொண்டு நடப்பார். ஒருநாள் பூசை முடிந்து எல்லாரும் கோயில் வாசலில் நிற்கும்போது, அத்தனை பேர் காதிலும் விழும்படிக் கேட்டுவிட்டார்.

"ஏலே, தண்ணியக் கண்டா நடுங்குதவனுக்கு என் தங்கச்சியக் குடுத்துட்டு, நான் தெருவுல எப்படிலே நடக்க?"

மாமாவுக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ. "நான் நடுங்குத ஆளான்னு வந்து பாரும் அண்ணே. தோட்டத்துல மான் மேயுது. ஒரே வெடியில சாய்ச்சு உங்க வாசல்ல கொண்டாந்து போடுதேன்" என்றார்.

"மானா? நீயா?" என்றார் அவர். "நானே கூட வாரேன்லே. அடிச்சுக் காட்டு, அன்னைக்கே கல்யாண ஓலை எழுதச் சொல்லுதேன். இல்லேன்னா அந்தப் பேச்சை விட்டுரு."

இப்படியாக ஒரு கல்யாணம் ஒரு மானின் தலையில் போய் உட்கார்ந்தது. மானைத் தொட்டால் அன்றும் ஜெயில்தான். அண்ணாச்சியிடம் இருந்தது, குழல்வாய் வழியாக வெடிமருந்து கெட்டித்துச் சுடுகிற பழைய நாட்டுத் துப்பாக்கி. பன்றி விரட்ட என்று லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தார். மானை அடிக்க அவருக்கே அனுமதி இல்லை என்னும்போது காவல்காரருக்கு ஏது?

மறுநாளே மாமா அம்மாவைத் தேடி வந்துவிட்டார். கையில் ஒரு பூவரசங் குச்சி. துப்பாக்கியின் வாயில் பிடித்துப் பார்த்து, உள்ளே இறுக்கமாகப் போகிற அளவுக்குச் செதுக்கிய குச்சி அது.

"இந்தப் பருமனுக்கு எனக்கு நாலு குண்டு வார்த்துக் குடுக்கா."

அப்பா தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போயிருந்தார். ஆகவே நல்லதோ கெட்டதோ அம்மாதான் முடிவு சொல்லவேண்டும். அவள் குச்சியை வாங்காமலே கேட்டாள். "பொடி ஈய ரவை போட்டுச் சுட்டா ஆகாதாலே? சத்தத்துக்கே ஓடிருமே."

"ஓடவா சுடுதேன்? ரவை கொக்குக்கும் காடைக்கும். மான் தோலுக்குள்ள அது இறங்காது, மேலுக்குத் தச்சிட்டு நிக்கும். பாவம், அது காட்டுக்குள்ள போயி சீழ்பிடிச்சுச் சாவும். மானுக்கு ஒத்தைக் குண்டுதாங்கா."

"சைக்கிள் பால்ஸ் போடுவாங்கன்னு சொல்லுதாங்களே மாமா?" என்றேன் நான். எனக்கு எல்லாவற்றிலும் ஒரு யோசனை உண்டு.

"ஏளா, அது உருக்கு. குழலை உள்ளாற கீறிரும். ஈயம்னா மெத்து, குழலோட ஒட்டிக்கிட்டுப் போவும்" என்றவர், குசினியிலிருந்து ஊதுகுழலை எடுத்துவந்து, சுடுவது எப்படி என்று எனக்குச் செய்தே காட்டினார். மருந்துக்குப் பதில் அடுப்புச் சாம்பல். அதன்மேல் தேங்காய் நார். அதற்கும் மேலே என் தம்பியின் கோலிக்குண்டு. "இப்ப பாரு, குண்டு தானா விழக்கூடாது. கம்பியால இடிச்சு, சண்டை போட்டு உள்ள போவணும். அப்பத்தான் மருந்தோட வேகம் அம்புட்டும் குண்டு முதுகுல ஏறும். லொடலொடன்னு இருந்தா வேகமெல்லாம் ஓரமா ஓடிரும். குண்டு எங்கயாச்சும் போவும். அப்படி இருந்தா ஒரு துண்டுத் துணியச் சுத்தி இறுக்கணும்."

பிறகு ஊதுகுழலைத் தோளில் வைத்து என்னைப் பார்த்துச் சுட்டார். சாம்பல் அவர் சட்டையிலேயே கொட்டியது. நான் செத்து விழுந்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"நான் வார்க்கலேன்னா?" என்றாள்.

"மேலூர்ப் பட்டறையில வார்க்கான். அவன்ட்ட வாங்கிக்கிடுதேன்."

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். அப்புறம் குச்சியை வாங்கிக்கொண்டாள்.

குச்சியின் பருமனுக்குச் சரியாக ஒரு கோலியைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு எனக்கு. தம்பியின் டப்பாவைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகக் குச்சியின் நுனியில் வைத்துப் பார்த்தேன். ஒன்று வெளியே பிதுங்கியது. ஒன்று உள்ளே ஒடுங்கியது. கடைசியில் ஒரு பச்சைக் கோலி, விரலால் தடவினால் மரம் எங்கே முடிகிறது, கண்ணாடி எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி உட்கார்ந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வழக்கம்போல மெழுகு உருக்கக் கரண்டியை எடுத்தேன்.

அம்மா கோலியை அப்படியே மண்ணில் அமுக்கினாள்.

"அம்மா, மெழுகு பூசலையே!"

"அதை வையி."

"மண்ணு சுருங்கிருமே. குண்டு சின்னதாப் போயிருமே."

"ஏளா, இது வலைக்கு மணியா? எனக்குத் தெரியும். வாயை வச்சிக்கிட்டுச் சும்மா அடுப்பை விசிறு."

விசிறினேன். அம்மாவே சொல்லும்போது அப்புறம் என்ன? துப்பாக்கிக் குண்டுக்கு வேறு கணக்கு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். காய்ந்த அச்சில் ஈயத்தை ஊற்றி, ஊற்றிய வாயில் மிஞ்சிய வாலை நறுக்கி, அரம் வைத்துத் தேய்த்தபோது அவை முத்து மாதிரி இருந்தன. அப்படி ஒரு உருண்டையை அம்மாகூட அதுவரை வார்த்ததில்லை. ஆசை தாங்காமல் ஒன்றைக் குச்சியின் நுனியில் வைத்துப் பார்த்தேன். சுற்றிலும் மரம் தெரிந்தது. குண்டுக்குத்தான் வேறு கணக்கு ஆயிற்றே என்று அதைத் திருப்பி வைத்துவிட்டேன்.

மாமா வந்து நாலையும் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "நல்லாருக்குக்கா" என்று மட்டும் சொல்லி மடியில் கட்டிக்கொண்டார்.

மாமாவும் பெண்ணின் அண்ணனும் சுடப் போகிற காலையில், அம்மா விடிந்ததும் மாதா படத்தின் முன்னால் முழந்தாளிட்டிருந்தாள். நானும் பக்கத்தில் போய் முழந்தாளிட்டேன். மாதாவே, மாமா குண்டு மான்மேல் படவேண்டும், பெண்ணின் அண்ணன் வாயை அடைக்கவேண்டும், எங்கள் அம்மாவின் குண்டு தப்பியது என்று ஒருத்தரும் சொல்லக்கூடாது என்று, எனக்குத் தெரிந்த ஜெபங்களை எல்லாம் சொல்லி மன்றாடினேன். ஒரே படத்தின் முன்னால் தோளோடு தோள் ஒட்டி முழந்தாளிட்ட இரண்டுபேர் எதிரும் புதிருமாகக் கேட்டால் மாதாதான் என்ன செய்வாள் என்று இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

மத்தியானம் மாமா வந்தார். வெறுங்கை. ஒரு பக்கக் கன்னம் முழுக்க மருந்துக் கரி. அம்மா தட்டு வைத்துச் சோறு போட்டாள். ஒரு கவளம் உள்ளே போனதும் மாமாவுக்குப் பேச்சு வந்தது.

"மான் வந்துச்சுக்கா. கொம்பு இப்படி முறுக்கிக்கிட்டு, கடலைச் செடிக்குள்ள நிக்கி. அதைக் கண்டதுமே அண்ணனுக்கு வேர்த்துட்டு. 'ஏலே, பாரஸ்ட்டுக்காரன் வந்திருவான், போதும்லே, வா போயிருவோம்'னு சட்டையப் பிடிச்சு இழுக்காரு. 'கெட்டிச்சாச்சு அண்ணே, சுட்டாத்தான் வெளிய வரும்'னேன். சுட்டேன். புகை கலையுது, பக்கத்துல ஆளைக் காணும். பார்த்தா உடைமுள்ளுக்குள்ள குப்புறக் கிடக்காரு. 'அய்யோ மாதாவே, செத்தேனே'ங்காரு."

"மானு?" என்று கேட்டேன்.

"அது நின்னு எங்க ரெண்டுபேரையும் ஒரு பார்வை பார்த்துட்டு அப்புறமாத்தான் ஓடுச்சு."

அதற்குள் தெருமுனையில் பெண்ணின் அண்ணன் குரல் கேட்டது. பெரிய கூட்டம் கூட்டியிருந்தார். "பட்டுது! என் கண்ணால பார்த்தேன்லே! முன்னங்கால்ல பட்டு, ரத்தத்தோட மலையப் பார்க்க ஓடிட்டு! என்ன தைரியம்ங்கே, அம்புட்டுச் சத்தத்துக்கும் கைய அசைக்கலையே! எங்க மாப்பிள்ளை!"

மாமா மீன்முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார். "மூஞ்சிய முள்ளுக்குள்ள வச்சிருந்தாரு. என்னத்தைப் பார்த்தாரோ."

"நீ வெளிய போயி எதையும் சொல்லாதலே" என்றாள் அம்மா.

"நான் என்னத்தைச் சொல்ல. மாப்பிள்ளைன்னு சொல்லிட்டாரே."

எனக்கு ஆத்திரமாக வந்தது. கல்யாணம் நடக்கப்போகிறது, சரி. ஆனால் எங்கள் வீட்டுக் குண்டு தப்பிவிட்டதே! "கம்பி போட்டு நல்லா இடிச்சீங்களா மாமா?" என்றேன்.

"இடிக்கவே வேண்டாம்ளா. வாயில வச்சேன். தானா விழுந்துச்சு."

குழம்பு ஊற்ற வந்த அம்மாவின் கை அப்படியே நின்றது.

"அப்ப துணி சுத்தியிருக்கலாம்லா? நீங்கதானே சொன்னீங்க!"

"துணி மடியிலதான் இருந்துச்சு" என்றார் மாமா. சொன்னது எனக்கு, பார்த்தது அம்மாவை. "எடுக்கலை."

அம்மா குழம்பை ஊற்றினாள். சட்டியில் கிடந்த பெரிய துண்டைத் தேடி எடுத்து அவர் தட்டில் வைத்தாள். "போதும்க்கா" என்றார் மாமா. "சும்மா தின்னுலே" என்றாள் அவள். மாமா குனிந்துகொண்டே சாப்பிட்டார்.

எனக்கோ அழுகை முட்டியது. "நான் எம்புட்டு ஜெபம் சொன்னேன்! மாதா கேக்கவே இல்லையே" என்றேன்.

அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "அவங்க கேட்டுட்டாங்கம்மா. நீ சாப்பிட வா" என்றாள். மாமா தட்டைப் பார்த்துச் சிரித்தார். தெருவிலிருந்து எப்போதும் வீட்டுக்குள் வராமல் வாசலோடு நின்றுவிடுகிற சிரிப்பு அன்று குசினிவரை வந்திருந்தது.

மான் ஓடிவிட்டது. குண்டு மண்ணுக்குள் போய்விட்டது. இதில் மாதா எதைக் கேட்டுவிட்டார்கள், இவர்கள் இரண்டுபேரும் எதற்கு இப்படி நிறைந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை. துப்பாக்கி விஷயமெல்லாம் மாதாவுக்குப் பழக்கமிருக்காது, இனிமேல் இப்படிப்பட்ட காரியங்களுக்கு அந்தோணியாரிடம் போவதுதான் சரி என்று தீர்மானித்துக்கொண்டு, நானும் சாப்பிட உட்கார்ந்தேன்.